பதினேழாம் நம்பர் செட்டின் லாக்

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குளிர்கிடங்கில் வேலை பார்த்த இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் அவர் போஸ்ட்மார்ட்டம்தான். ஒரு வயர்லெஸ் செட் செத்துப்போனால் அவர் வருவார். வயரைச் சொருகி, உள்ளே இருப்பதையெல்லாம் உருவி, எத்தனை மணிக்குச் செத்தது, எதனால் செத்தது, கடைசியாக யாரிடம் பேசியது என்று எழுதிக் கொடுப்பார். பிழைக்க வைப்பது அவர் வேலையில்லை. அதற்குக் கம்பெனிக்காரர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். இவர் உருவியதை அவர்களுக்கு அனுப்புவதோடு சரி.

அந்த உருவலுக்கு லாக் எடுப்பது என்று பெயர். லாக் என்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. மாமியார் மருமகளைப் பற்றி மனசுக்குள் எழுதி வைப்பாளே, எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை தடவை போன் பேசினாள், எந்தப் பாத்திரத்தை எப்படி வைத்தாள் என்று, அதே மாதிரி ஒவ்வொரு செட்டும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள், சுவரில் மாட்டியிருக்கும் எந்தப் பெட்டி வழியாகப் பேச்சு போனது, எப்போது அறுந்தது, எல்லாம் வரிவரியாக இருக்கும். ஒரே ஒரு வித்தியாசம். மாமியார் சாகும்வரை மறக்கமாட்டாள். செட்டை அணைத்துப் போட்டால் அத்தனையும் மறந்துவிடும்.

போஸ்ட்மார்ட்டம் இந்தக் கிடங்குக்கு வந்தது பேட்டரி சார்ஜ் போடத்தான். படிப்பு பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் பாக்கி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் புது செட் அறுபது வந்து இறங்கியபோது, கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் பாடம் எடுத்தார். குளிர்பதன வசதி உள்ள அறை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சூப்பர்வைசர்கள் எல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். இவருக்கு மட்டும் பகலில் தூக்கம் வராத வியாதி. அந்த வியாதியால் லேப்டாப்பும் வயரும் இவர் கைக்கு வந்தன. மாடிப்படிக்குக் கீழே, பேட்டரி அடுக்குக்குப் பக்கத்தில், தலை நிமிர்ந்தால் இடிக்கிற ஒரு அறையும் கிடைத்தது.

அறை சின்னது. அதிகாரம் பெரியது. லாக்கைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆள் எங்கே நின்றான் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. பேக்கிங் சூப்பர்வைசர் தினமும் நாலு மணிக்கு அரை மணி நேரம் ஆறாம் நம்பர் ரூமுக்குப் பின்னால் எதை எண்ணிக்கொண்டிருக்கிறார், அதே அரை மணி நேரம் லேபிள் ஒட்டுகிற பெண்ணின் செட்டும் அதே பெட்டி வழியாக ஏன் பேசுகிறது என்பது போஸ்ட்மார்ட்டத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் கேன்டீனுக்குத் தெரியும். கேன்டீனுக்குத் தெரிந்தது சூப்பர்வைசர் மனைவிக்குத் தெரிய எத்தனை நாளாகும்? மூன்று நாளானது. நாலாம் நாள் சூப்பர்வைசர் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார். கேட்டவர்களிடம் அலமாரி இடித்தது என்றார். போஸ்ட்மார்ட்டம், அலமாரிக்கு என்ன உயரம், தாலி கட்டியிருந்ததா என்று விசாரித்தார். அவரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் டீ வாங்கிக் கொடுக்காதவர்களும் கிடையாது.

மனைவியின் தம்பியை இந்தக் கிடங்கில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பையனுக்கு முப்பது வயது நெருங்கியும் எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சாதம் போட்டதில், இவருக்கு உப்பு அதிகமாகிப்போய் மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜருக்குப் பெயர் புன்னகை. ஆளை வேலைக்கு எடுக்கும்போதும் சிரிப்பார், அனுப்பும்போதும் சிரிப்பார், இரண்டு சிரிப்புக்கும் ஒரு பல்கூட வித்தியாசம் இருக்காது. சிரித்தபடியே மச்சினனை உறைபனி அறைகளில் சரக்கு எண்ணும் வேலையில் போட்டார். மைனஸ் இருபத்தைந்து டிகிரி. ஆள் ஒல்லி, கோட்டுப் போட்டால் கோட்டுதான் நடக்கும். ஆனால் இரண்டு வருஷம் நிலைத்துவிட்டான். கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மாமியார் வீட்டில் போஸ்ட்மார்ட்டத்தின் தட்டில் கூட்டு இரண்டு கரண்டியானது.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சில செட்டுகள் திடீரென்று உறைந்து நிற்கும். திரையில் வெளிச்சம் இருக்கும், பேச்சு போகாது. ஏன் என்று கம்பெனிக்கும் தெரியவில்லை. நின்ற நிலையிலேயே லாக் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டு அவர்களும் சலித்துவிட்டார்கள். ஆனால் கிடங்கில் செட் நின்றால் யாராக இருந்தாலும் முதலில் செய்வது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. செட் பிழைத்துக்கொள்ளும், லாக் போய்விடும். போஸ்ட்மார்ட்டம் மூன்று வாரமாகத் துரத்திக்கொண்டிருந்த ஒரு செட்டை மச்சினன் அப்படித்தான் அணைத்து எழுப்பிவிட்டான். எழுப்பியதோடு நில்லாமல், ஷிப்ட் மாறும் நேரத்தில் நாற்பது பேர் நடுவில் அதைப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினான். “லாக் போனா என்ன மாமா, செட்டு இப்ப நல்லா பேசுதுல்ல” என்றான்.

போஸ்ட்மார்ட்டத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “வேலை செய்யற எடத்துல மாமாவும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது. பொணத்த எரிச்சுட்டு வந்து எப்படிச் செத்தான்னு கேட்டா நான் என்னத்தடா சொல்றது? இனிமே செட்டு நின்னுச்சுன்னா கை வைக்காத. கையில புடிச்சுக்கிட்டு நில்லு. நான் வர்ற வரைக்கும் நில்லு. புரியுதா, இல்ல ஒங்கக்காவ விட்டுப் புரிய வைக்கணுமா?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் ஒருவர், “டேய், அக்கா புருஷன் வர்ற வரைக்கும் மூச்சுகூட விட்ராத” என்றார். அதற்கும் சிரித்தார்கள். மச்சினனும் சேர்ந்து சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அன்று சாயங்காலமே போஸ்ட்மார்ட்டம் ஒரு அறிவிப்பு அடித்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார். செட் நின்றால் அணைக்காதே.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வரலாம்.

ஒன்பதாம் நம்பர் அறையில் உறைந்த பட்டாணி மூட்டைகள். மத்தியானம் இரண்டே காலுக்குச் சற்று முன்பு மச்சினன் எண்ணுவதற்கு உள்ளே போனான். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியில் பனி ஏறி இறுகிப்போய் மூன்று வாரம். ரிப்பேர் எழுதிக் கொடுத்த சீட்டு யார் மேஜையிலோ வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆபத்து மணி அதற்கும் முன்பே ஊமை. அதனால்தான் கையில் செட் இல்லாமல், உள்ளே போகுமுன் ஒரு தடவை பேசிப் பார்க்காமல், யாரும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்று சட்டம். மச்சினன் பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனான். செட் நம்பர் பதினேழு.

மூன்று மணிக்கு, வேறு சரக்கு வைக்க வந்த போர்க்லிப்ட் ஓட்டுநர் கதவைத் திறந்தபோது, மச்சினன் கதவுக்குப் பக்கத்தில் செட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உட்காரவில்லை, நின்றிருந்தான். இரண்டு கையிலும் உறை இல்லை. ஓட்டுநர் செட்டை வாங்கப் பார்த்தார், விரல்கள் வரவில்லை.

வலது கையில் மூன்று விரல், இடது கையில் இரண்டு. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

போஸ்ட்மார்ட்டம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மச்சினனின் இரண்டு கையும் தலையணை உருண்டை மாதிரி கட்டிக் கிடந்தன. மாமியார் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். மச்சினன் இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். பார்ப்பதற்குச் சகிக்காத மலர்ச்சி.

“செட்டு நின்னுருச்சு மாமா” என்றான். “ஆனா ஆஃப் பண்ணல. நீங்க சொன்னீங்கல்ல. ஒரு நேரம் பண்ணிரலாமான்னு இருந்துச்சு, அப்புறம் பண்ணல. லாக் அப்படியே இருக்கும்ல?”

“இருக்கும்” என்றார் போஸ்ட்மார்ட்டம்.

“கிளவுஸ் போட்டா பொத்தான் அழுந்த மாட்டேங்குது, அதான் கழட்டுனேன். இந்தக் கை மரத்துப்போனா அந்தக் கை. எத்தன தடவ அழுத்துனேன்னு அதுல இருக்கும்ல?”

இருக்கும் என்று மறுபடியும் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். வராந்தாவில் தண்ணீர் இருந்தது. குடிக்கவில்லை.

மறுநாள் புன்னகை அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கிடங்கின் கணக்கு எளிமையானது. கன்ட்ரோல் ரூமில் அந்த நேரத்தில் பதினேழாம் நம்பரிலிருந்து ஒரு அழைப்பும் பதிவாகவில்லை. அப்படியானால் பையன் கூப்பிடவே இல்லை. மாட்டிக்கொண்டதும் பயத்தில் புத்தி பேதலித்து, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு நின்றிருக்கிறான். பாதுகாப்பு விதியை மீறியவன், வேலையிலிருந்து நீக்கம். செட்டின் லாக் வேறு மாதிரி சொன்னால் அது வேறு விஷயம். அவன் அழுத்தியது உண்மை, செட்தான் அனுப்பவில்லை என்றால் கிடங்கு தலைவணங்கும். விரல் இல்லாதவன் செய்யக்கூடிய வேலையாக, கேட்டில் வண்டி பார்த்து அனுப்பும் வேலை அவனுக்கு ஆயுசுக்கும் உண்டு. வர்ற புதன்கிழமை விசாரணை, கம்பெனி இன்ஜினியரும் திரையில் உட்காருவார்.

“நமக்கு யார் மேலயும் கோவம் இல்ல. லாக் என்ன சொல்லுதோ அதுதான்” என்று சிரித்தார்.

ஆக, ஒரு மனுஷனின் பிழைப்பு ஒரு ஃபைலில் இருந்தது. ஃபைல் போஸ்ட்மார்ட்டத்தின் கையில்.

மாடிப்படிக்குக் கீழே போய்க் கதவைச் சாத்தினார். பதினேழாம் நம்பர் சார்ஜரில் மாட்டியபடி இன்னும் நின்ற நிலையிலேயே இருந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது, உயிர் இல்லை. வயரைச் சொருகினார். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான லாக்கை அவர் எடுத்ததில்லை. ஒரு வரி விடாமல் எல்லாம் இருந்தது.

அறுபத்தொன்று. அறுபத்தொரு தடவை அழுத்தியிருந்தான். முதல் பத்து நிமிஷம் நெருக்கமாக, பன்னிரண்டு நொடிக்கு ஒன்று. அப்புறம் இடைவெளி. இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று, மூன்று நிமிஷத்துக்கு ஒன்று. கடைசி அழுத்தல் நாலரை நிமிஷம் நீடித்திருந்தது. அழுத்தியவனால் விரலை எடுக்க முடியவில்லை. செட்டுக்கு அதுவும் ஒரு வரிதான்.

போஸ்ட்மார்ட்டம் மேஜையைத் தட்டினார். மச்சினன் பிழைத்தான். இதைவிட என்ன வேண்டும்? அத்தோடு மூடிவைத்திருந்தால் நல்ல மனிதராகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பழக்கம் விடுமா? செட் ஏன் நின்றது என்று பார்க்க மேலே போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

லாக்கில் இரண்டு வகை உண்டு. சாதாரண நாளில் செட் முக்கியமானதை மட்டும் எழுதும். நோய் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஃபுல் லாக் என்று ஒன்றைத் திறந்துவிடுவார்கள். அப்போது செட் தும்மினது இருமினது எல்லாவற்றையும் எழுதும். இரண்டு நாள் வைத்திருந்து, லாக்கை எடுத்துவிட்டு, மறக்காமல் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் எழுதி எழுதியே உள்ளே இடம் நிரம்பி, செட் திணறிப்போகும். கம்பெனிக்காரர் அந்த மூன்று மணி நேரப் பாடத்தில் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார். விழித்திருந்து கேட்டவர் ஒருவர்தான்.

பதினேழாம் நம்பரில் பதினொரு நாளாக ஃபுல் லாக் திறந்தே கிடந்தது. திறந்தவர் யார் என்ற இடத்தில் போஸ்ட்மார்ட்டத்தின் பெயர், அடையாள அட்டையில் உள்ளது, முழுசாக இருந்தது.

ஞாபகம் வந்தது. சரக்கு இறக்கும் வாசலில் பேச்சு அறுகிறது என்று திறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது, கணக்குப் பிரிவில் ஒருத்தர் வீட்டைவிட்டு ஓடிப்போன கதையைப் பாதியில் யாரோ ஆரம்பித்தார்கள். மீதிப் பாதி இவரிடம் இருந்தது. சொல்லிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று செட்டைத் திரும்ப அடுக்கிலேயே வைத்தார். கதை நன்றாக எடுபட்டது. நாற்பது நிமிஷம் சொன்னார்.

வியாழக்கிழமை இரண்டு மணி இருபத்தொரு நிமிஷத்துக்கு உள்ளே இடம் நிரம்பிவிட்டது. அதன் பிறகு இண்டு இடுக்கில் இடம் தேடித் தேடி மச்சினன் அழுத்தியதை எழுதவே செட்டுக்கு நேரம் சரியாக இருந்தது, அனுப்ப நேரமில்லை. ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் எல்லாம் துடைத்துப்போய்ச் செட் பேசியிருக்கும்.

பேட்டரி அடுக்கு முனகிக்கொண்டிருந்தது. ஃபைலை அப்படியே கொடுத்தால் மச்சினனுக்குக் கேட்டில் வேலை, தனக்கு அந்தக் கேட்டுக்கு வெளியே வழி. நாற்பத்தாறு வயது, பன்னிரண்டாவதில் இரண்டு பாடம் பாக்கி. கொடுக்காமல் இருந்தால் மச்சினன் போனான். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஊரில் சொல்வார்களே, அந்த இடத்தில் நம் ஆள் ஒரு வழி கண்டுபிடித்தார். அழுத்தின அறுபத்தொரு வரியும் இருக்கட்டும். ஃபுல் லாக் திறந்த வரியும், இடம் நிரம்பிய வரிகளும் மட்டும் போகட்டும். மச்சினனும் பிழைப்பான், மாமாவும் பிழைப்பார். செட் ஏன் நின்றது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம் என்று விட்டுவிடலாம்.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார். தையல்காரன் மாதிரி வெட்டி, ஒட்டி, வரி எண்களை முதலிலிருந்து மாற்றிப் போட்டார். வழக்கப்படி பதினேழாம் நம்பரைச் சுத்தமாகத் துடைத்து அடுக்கில் வைத்தார். வெட்டாத ஃபைல் ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில், மகளின் பள்ளிக்கூடப் படங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது.

புதன்கிழமை மீட்டிங் அறையில் நாலு பேர். புன்னகை, அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க், போஸ்ட்மார்ட்டம், திரையில் கம்பெனி இன்ஜினியர் அம்மாள். மச்சினன் வரவில்லை, புண் ஆறவில்லை. புன்னகை அறுபத்தொன்று என்ற எண்ணை வாய்விட்டுப் படித்தார். அறையில் ஒரு அசைவு ஏற்பட்டது. கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கேட் வேலை மச்சினனின் மடியில் வந்து விழுந்த மாதிரிதான் இருந்தது.

இன்ஜினியர் அம்மாள் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். “சார், இது செட்டு எழுதின ஃபைல் இல்ல. யாரோ கை வச்சிருக்காங்க.”

செட் ஒவ்வொரு லாக்கின் கடைசி வரியிலும் நீளமாக ஒரு எண்ணைத் தானே எழுதிவிடும். மேலே உள்ளதில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாது. போஸ்ட்மார்ட்டம் அந்த எண்ணைப் பதினோரு வருஷமாகத் தினமும் பார்த்தவர். அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. எடுத்து அனுப்புகிறவனுக்கு அது எதற்கு? அம்மாள் மறுபடியும் அதே சாந்தமான குரலில், ஒரு வரி மாறியிருந்தாலும் மொத்த ஃபைலும் செல்லாது, செட்டிலிருந்து இன்னொரு தடவை எடுத்துத் தாருங்கள் என்றார். செட் துடைத்தாகிவிட்டது என்று கிளார்க் சொன்னார்.

புன்னகை போஸ்ட்மார்ட்டத்தின் பக்கம் திரும்பினார். முதல் தடவையாகச் சிரிப்பில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

“அந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்?”

பத்து நொடி இருந்தது. வெட்டாத ஃபைல் வீட்டில் இருக்கிறது, கடைசி எண் ஒத்துப்போகும், அரை மணி நேரத்தில் கொண்டுவரலாம். போஸ்ட்மார்ட்டம் வாயைத் திறந்தார்.

“என் பொண்டாட்டி தம்பி சார்.”

பொய்யே இல்லை. அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மற்றதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அழுத்தாத பொத்தானை அழுத்தியதாக அறுபத்தொரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார், மச்சினன் மேல் அவ்வளவு பாசம். தப்புதான், ஆனால் நம்மிலும் யார் செய்யமாட்டோம்? புன்னகை எழுந்துவந்து தோளில் தட்டினார். மச்சினனுக்கு அன்றே நீக்கல் கடிதம். போஸ்ட்மார்ட்டத்துக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் மூன்று நாள் வீட்டில் இருக்கும் தண்டனையும். லாக் வேலையை மட்டும் பிடுங்கவில்லை. பகலில் தூங்காத ஆள் வேறு யாரும் அந்தக் கிடங்கில் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கேன்டீனில் நிலவரமே மாறிப்போனது. அலமாரி இடித்த சூப்பர்வைசர் தன் கையால் டீ கொண்டுவந்து வைத்தார். “ஒன்ன என்னமோன்னு நெனச்சேன்யா. நெஞ்சுக்குள்ள ஈரம் வச்சிருக்க” என்றார். போஸ்ட்மார்ட்டம் என்ற பெயர்கூடக் கொஞ்சம் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டது.

வீட்டிலோ கேட்கவே வேண்டாம். பத்தொன்பது வருஷமாக அவருடைய குற்றங்களைத் தேதியோடு சொல்லக்கூடிய மனைவி, அந்த மூன்று நாளும் அவருக்கு முதலில் பரிமாறினாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். இதற்கு முன்னால் வைத்தது எப்போது என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை. மாமியார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் மாப்ள. எம்புள்ளைக்காக ஒங்க வேலையவே பணயம் வச்சீங்களே. அவனுக்குத்தான் கொடுத்து வைக்கல” என்றார். போஸ்ட்மார்ட்டம், அதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை என்றார். தன்னடக்கம் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாமியார் கிளம்பிப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து, படங்களுக்கு நடுவில் இருந்ததை அழித்தார். குப்பைத்தொட்டிக்குப் போனதை அங்கிருந்தும் அழித்தார். இந்த வேலையை மட்டும் ஒருநாளும் அவர் பாதியில் விட்டதில்லை.

மச்சினன் வீட்டுக்குப் போகாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை போனார். இரண்டு அறை வீடு. கட்டு இப்போது சின்னதாகியிருந்தது. மச்சினனின் மனைவி அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாமாவுக்கு டீ போட அடுக்களைக்குப் போனாள். அவள் நான்கு வீட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கிரிக்கெட் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அப்புறம் மச்சினன் குரலைத் தணித்தான்.

“மாமா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“எனக்கு அழுத்துன மாதிரிதான் ஞாபகம் இருக்கு. கண்ண மூடுனா பொத்தான்தான் தெரியுது. ஆனா ஆபீஸ்ல, நீங்களா எழுதிச் சேர்த்தீங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மாவும் அதையேதான் சொல்லுது. இவகூட, போகட்டும் விடுங்க, பயத்துல யாருக்கும் கை ஓடாதுங்கறா.” அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். “நான் நெஜமாவே அழுத்துனேனா, மாமா?”

உலகத்திலேயே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் டீயை வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது, ஊதினார்.

“அந்தக் குளிர்ல மூள அப்படித்தான்டா. செய்யாததச் செஞ்ச மாதிரி காட்டும்.”

மச்சினன் தலையை ஆட்டினான். எதையோ கையில் பிடித்திருந்தவன் கீழே வைத்துவிட்ட மாதிரி அவன் தோள் இறங்கியது.

“அப்ப அந்த அறுபத்தொண்ணு?”

“நான் போட்டது.”

அவன் எழுந்து வந்தான். நன்றி சொல்ல மாமாவின் கையைப் பிடிக்கப் பார்த்தான். பிடிக்க விரல் போதவில்லை. மணிக்கட்டை அவர் மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தினான்.

“எனக்காக இவ்வளவு செஞ்சீங்க. தப்பா நெனைக்காதீங்க மாமா” என்றான் மெதுவாக. “கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டீங்க. ஒரு இருபதோட நிறுத்தியிருந்தா நம்பியிருப்பாங்க.”